வெயில் கூடல, ராத்திரி ஆறல – வானிலைக் கட்டத்துல ராத்திரி வெப்பத்தையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர்ல ஈசூன்ல இருக்கேன். வீட்டுக்காரர் கட்டுமான சைட்ல சூப்பர்வைசர், மகன் உயர்நிலை 2 படிக்கிறான், மாமனாரும் எங்ககூடத்தான் இருக்காரு. காலைல உங்க பத்திரிகை வந்ததும் முதல்ல மாமா கைக்குத்தான் போகும், அவர் ஒரு வரி விடாம படிச்சு முடிச்சு எனக்கு வந்து சேர மத்தியானம் ஆயிடும். கடிதம் எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும், முடிஞ்ச வரைக்கும் குறைக்காம போடுங்க, ஏன்னா பாதிய வெட்டிட்டா மீதி புரியாது.

விஷயம் என்னன்னா, மார்ச் மாசம் வந்தா சுத்துமே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ், அது இந்த வருஷமும் வந்துச்சு. ஈக்வினாக்ஸ், அதாவது பகலும் ராத்திரியும் சமமா இருக்குற நாள் வருது, சூரியன் பூமிக்குப் பக்கத்துல வருது, அடுத்த அஞ்சு நாளைக்கு 40 டிகிரி அடிக்கும், மத்தியானம் யாரும் வெளிய போகாதீங்கன்னு. எங்க குடும்ப குரூப்ல மட்டும் மூணு பேர் அனுப்புனாங்க. மாமா அதப் படிச்சுட்டு "அதெல்லாம் இல்லம்மா, ஓசோன்ல ஓட்டை விழுந்துருச்சு, வெயில் நேரா உள்ள இறங்குது, அதான்"னு சொன்னாரு. ஆளாளுக்கு ஒரு காரணம். ஆனா எல்லாருமே ஒரே எடத்துல நிக்கிறாங்க, அதாவது வெயில் முன்ன மாதிரி இல்ல, சூரியன் கூடுதலா அடிக்குதுன்னு. நான் திருச்சில பி.எஸ்சி பிசிக்ஸ் படிச்சவ, கல்யாணமாகி இங்க வந்ததுக்கு அப்புறம் அந்தப் படிப்ப வெச்சு வேலைக்குப் போகல, ஆனா மகனுக்கு ஜியாகிரபி சொல்லிக்கொடுக்க உக்காந்தப்ப எல்லாம் திரும்ப வந்துருச்சு. நம்ம ஆளுங்க இத்தன பேரு தப்பா புரிஞ்சுட்டிருக்காங்களேன்னு மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

முதல்ல அந்த "சூரியன் கிட்ட வருது" கதை. பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட இருக்குறது மார்ச்ல இல்லங்க, ஜனவரி மாச ஆரம்பத்துல. அப்போ தூரம் சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர், ஜூலைல 15 கோடியே 20 லட்சம். ஜனவரில நமக்கு வர்ற சூரிய ஒளி ஜூலையவிட 7 சதவீதம் போல கூடுதல். அப்படிப் பாத்தா பொங்கல் சமயத்துலதான் நாம வெந்து போயிருக்கணும், ஆனா சிங்கப்பூர்ல குளிர்ச்சியான மாசமே டிசம்பரும் ஜனவரியும்தான், வடகிழக்குப் பருவமழையும் மேகமும் அதுக்குக் காரணம். மார்ச் கடைசில சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வர்றது உண்மைதான், மத்தியானம் ஒரு மணி பத்து நிமிஷம் போல நின்னு பாத்தா நிழல் காலுக்கடியிலயே சுருண்டு கெடக்கும். ஆனா நாம நிலநடுக்கோட்டுலருந்து ஒண்ணேகால் டிகிரி தூரத்துல இருக்கோம், ஜூன்லயும் டிசம்பர்லயும்கூட உச்சிப் பொழுது வெயிலோட வலு மார்ச்சவிட 10 சதவீதம் போலத்தான் குறையும். அதுக்குப்போய் இவ்வளவு பயமா. 40 டிகிரி இந்த ஊர்ல பதிவானதே இல்ல. இதுவரைக்கும் உச்சம் 37.0 டிகிரி, அதுவும் ரெண்டே தடவை, 1983 ஏப்ரல்ல தெங்காவுல, அப்புறம் 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவுல.

சரி, அப்ப ஏன் இவ்வளவு புழுக்கம்? இதுக்கு வெயில் வந்ததுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு பாக்கணும், நம்ம பேச்செல்லாம் வெயில் வர்ற வரைக்கும் வந்து நின்னுடுது.

சூரியன்லருந்து பூமிக்கு வந்து சேர்றத பகல் ராத்திரி, துருவம் நடுக்கோடு எல்லாத்துக்கும் சராசரியா பிரிச்சா ஒரு சதுர மீட்டருக்கு 340 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பு அஞ்சாறு எரியுற அளவுன்னு வெச்சுக்குங்க. இதுல 100 வாட் போல மேகமும் தூசியும் பனிப்பாறையும் மணலும் அப்படியே திருப்பி விண்வெளிக்கு அனுப்பிடுது, அது நமக்குக் கணக்கே இல்ல. 80 வாட் போல காத்து வாங்கிக்குது, அதுல ஓசோன் புற ஊதாக் கதிர வாங்குறதும் சேர்த்தி, நீராவி வாங்குறதும் சேர்த்தி. மீதி 160 போலத்தான் தரைக்கும் கடலுக்கும் வந்து சேருது. நான் காரிடார்ல மோர்மிளகாய் காயப்போடுறப்ப மகன்கிட்ட இதச் சொல்லிக் காட்டுனேன், ஒரு பெரிய மேகம் வந்து மறைச்ச உடனே தட்டு மேல இருக்குற சூடு எப்படி போகுது பாருன்னு. (மேகம் மறைச்சாலும் புற ஊதாக் கதிர் ஓரளவு வந்துட்டுதான் இருக்கும், அந்தக் கதிரோட வலுவச் சொல்ற யூவி இண்டெக்ஸ் நம்ம ஊர்ல 11 தாண்டுறது சாதாரணம், அதனால மூட்டமா இருக்குன்னு பிள்ளைங்கள தொப்பியில்லாம விளையாட விடாதீங்க.)

இப்ப தரை 160 வாங்கிடுச்சு, கடல் வாங்கிடுச்சு. வாங்கிட்டே இருந்தா பூமி கொதிச்சுப் போயிருக்கணும்ல? போகல, ஏன்னா தரையும் வெப்பத்த வெளிய விட்டுட்டே இருக்கு. சூடா இருக்குற எல்லாமே விடும், நாம விடுறோம், சுவர் விடுது, கடல் விடுது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேற்குப் பக்க சுவர் கிட்ட கைய கொண்டுபோய்ப் பாருங்க, தொடாமயே சூடு தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அது. சூரியன் சுமார் 5,500 டிகிரில எரியுறதால அதோட கதிர் அலை குட்டையானது, காத்து வழியா பெரும்பாலும் சுலபமா வந்துடும். நம்ம தரை வெறும் 30 டிகிரிதான, அது விடுற கதிர் நீளமான அலை. அந்த நீள அலைதான் காத்துல மாட்டிக்குது. உள்ள வர்றப்ப கதவு திறந்திருக்கு, வெளிய போறப்ப பாதி கதவு சாத்தியிருக்கு.

யார் சாத்துறா? காத்துல 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இவங்க ரெண்டு பேரும் இந்த வேலைல சேர மாட்டாங்க, ஒரே மாதிரி ரெண்டு அணு சேந்த மூலக்கூறு, அகச்சிவப்ப கண்டுக்கவே கண்டுக்காது. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் மாதிரி மூணும் அதுக்கு மேலயும் அணு உள்ளதுங்கதான் அந்த அலைக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சு அதிர்ந்து வெப்பத்தப் புடிச்சு வெச்சுக்கும், அப்புறம் எல்லாப் பக்கமும் திருப்பி விடும், மேலயும் கீழயும். கார்பன் டை ஆக்சைடு 15 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அலைநீளத்த ஒட்டி ரொம்ப பலமா புடிக்கும். தொழிற்சாலைங்க வர்றதுக்கு முன்னாடி பத்து லட்சம் பங்கு காத்துல அது 280 பங்கு இருந்துச்சு, 1958ல ஹவாயில மவுனா லோவா மலை மேல சார்லஸ் கீலிங் அளக்க ஆரம்பிச்சப்ப 315 போல, இப்ப 420ஐத் தாண்டிடுச்சு. "அவ்வளவு கொஞ்சமா இருக்குறது என்ன பண்ணிடும்"னு என் வீட்டுக்காரரே கேட்டாரு. நான் பதில் சொல்லல, ஒரு வாளி தண்ணி புடிச்சு வெள்ளை வேட்டிக்குப் போடுற நீலத்துல நாலு சொட்டு விட்டுக் காட்டுனேன். வாளி முழுக்க நீலமாயிடுச்சு. தண்ணி எவ்வளவு இருந்தாலும் அதுக்கு நிறமில்ல, நிறம் இருக்குறது அந்த நாலு சொட்டுக்குத்தான்.

இந்த வாயுக்கள் சுத்தமா இல்லன்னு வெச்சுக்குங்க, இதே சூரியன், இதே தூரம், பூமியோட சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரியா இருந்திருக்கும். நாம இருக்குறது 15 டிகிரி சராசரில. அந்த 33 டிகிரிதான் நம்மள உயிரோட வெச்சிருக்கு, அதனால இத ஒரு சாபம் மாதிரி பேசக்கூடாது, மகனுக்கும் அதத்தான் முதல்ல சொன்னேன். நிலாவும் சூரியனுக்கு நம்ம அளவு தூரத்துலதான் இருக்கு, காத்து இல்லாததால பகல்ல 120 டிகிரி தாண்டும், ராத்திரி மைனஸ் 130க்கும் கீழ போகும். வெள்ளி கிரகத்துல இன்னும் ஆச்சரியம், அதோட மேகம் சூரிய ஒளில முக்கால்வாசிய திருப்பி அடிச்சுடுது, நம்ம பூமி வாங்குறதவிட குறைவாத்தான் அது வெயில் வாங்குது, இருந்தும் தரை 460 டிகிரிக்கு மேல, ஏன்னா அதோட காத்துல 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஆக எவ்வளவு வெயில் வருதுங்குறது பாதிக் கணக்குதான்.

இத எப்படி சொன்னா மாமாவுக்குப் புரியும்னு யோசிச்சு அதே வாளிய எடுத்தேன். அடியில சின்ன ஓட்டை இருக்குற பழைய வாளி ஒண்ணு. குழாய ஒரே அளவுல திறந்து வெச்சா தண்ணி ஒரு மட்டம் வரைக்கும் ஏறி நிக்கும், வர்ற அளவு போகுற அளவு ரெண்டும் சமமாயிடும். இப்ப ஓட்டைல விரல வெச்சு கொஞ்சமா அடைச்சேன். குழாயத் தொடவே இல்ல. மட்டம் ஏற ஆரம்பிச்சுது, ஏறி ஏறி மேல போயி மறுபடியும் ஒரு எடத்துல நின்னுச்சு, ஏன்னா தண்ணி ஒசந்ததால அழுத்தம் கூடி அதே ஓட்டை வழியா பழையபடி தண்ணி போகுது. "குழாய்தான் சூரியன் மாமா, நாம விரல வெச்சிருக்கோம்"னேன். கொஞ்ச நேரம் வாளியவே பாத்துட்டிருந்தாரு. "அப்ப ஓசோன்?"னு கேட்டாரு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசே இல்லங்க. லால்குடி பக்கம் எங்க ஊர்ல சித்திரை வெயிலுக்கு சாயங்காலம் மொட்டை மாடில தண்ணி தெளிச்சு பாய் விரிச்சுப் படுப்போம். நட்சத்திரம் தெளிவா தெரியுற ராத்திரில நடு ஜாமத்துக்கு மேல போர்வை தேடுவோம். மேகம் மூட்டுன ராத்திரில விசிறிய கீழ வெக்க முடியாது, அம்மா "மேகம் அமுக்குது"ன்னு சொல்லுவாங்க. அமுக்குதுங்குறது சரியான வார்த்தை, மேகம் தரையோட வெப்பத்த வாங்கி நம்ம மேலயே திருப்பி விடுது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்றோமே, அதுவும் இதேதான், மழை ஓய்ஞ்சு வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்குற மாசத்துல தரை தன் வெப்பத்த தடையில்லாம மேல விட்டுடுது, காத்தவிட தரை குளிர்ந்து போகுது, அதுல பனி இறங்குது. நம்ம பாட்டிங்க கவனிச்சு வெச்சத நாம இங்க வந்து ஏர்கான் ரூம்ல மறந்துட்டோம்.

என் வீட்டுக்காரர் சைட்ல கரண்ட் பாக்ஸ் சூடாகுதான்னு தூரத்துலருந்தே பாக்க ஒரு துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் வெச்சிருக்காங்க, அகச்சிவப்பு வெப்பத்த அளக்குறது. ஒரு சனிக்கிழமை கேட்டு வாங்கிட்டு வந்தாரு. ராத்திரி ஒன்பது மணிக்கு நாங்க நாலு பேரும் பிளாக்குக்குக் கீழ திறந்தவெளில நின்னு மேல நீட்டுனோம். மேகம் இல்லாத எடத்துல நேர் மேல புடிச்சா 4 டிகிரி காட்டுச்சு, பக்கத்துல இருந்த ஒரு தாழ்வான மேகத்துக்குத் திருப்புனா 19. மகன் நம்பாம பத்து தடவை திருப்பித் திருப்பிப் பாத்தான். பிளாக் சுவத்துல புடிச்சா 33, சூரியன் மறைஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு அப்போ. எதிர் பிளாக் சுவரும் கிட்டத்தட்ட அதே. மாமா துப்பாக்கிய கையில வாங்கி மேகத்தப் பாத்து, சுவத்தப் பாத்து, கடைசியா என்னப் பாத்து "நாலு பக்கமும் அடுப்பு வெச்ச மாதிரில்ல இருக்கு"ன்னாரு. அவ்வளவுதாங்க பிசிக்ஸ். அந்த 4 டிகிரின்னு காட்டுன வானம்கூட சும்மா இல்ல, அதுலருந்தும் வெப்பம் கீழ வந்துட்டுதான் இருக்கு, அந்தக் கருவி காத்து கொஞ்சம் தெளிவா இருக்குற அலைவரிசைல மட்டும் பாக்குறதால குறைவா காட்டுது.

உலகம் முழுக்க சராசரியா எடுத்தா, தரைக்கு நேரா சூரியன்லருந்து வந்து தங்குறது 160 வாட்னு சொன்னேன்ல, காத்தும் மேகமும் கீழ திருப்பி அனுப்புறது 340 வாட் போல, ரெண்டு மடங்குக்கு மேல! இது ராத்திரியும் நிக்காது. நம்ம மாதிரி நீராவி நிறைஞ்ச ஊர்ல 400ஐயும் தாண்டும். பாலைவனத்துல பகல்ல 40 அடிச்சாலும் ராத்திரி குளிர் நடுக்கும், அங்க நீராவி இல்ல. இங்க பகல்ல 32, ராத்திரி 25, அவ்வளவுதான் இறங்குது. காத்து ஒரு டிகிரி சூடானா 7 சதவீதம் போல கூடுதலா நீராவி தாங்கும், அந்த நீராவியும் வெப்பத்தப் புடிக்கும், அதனால கார்பன் டை ஆக்சைடு ஆரம்பிச்சு வெச்சத நீராவி கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குது.

இதெல்லாம் நேத்து யாரோ கிளப்பிவிட்ட அரசியல்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. 1824லயே பிரான்ஸ்ல ஃபூரியேன்னு ஒரு கணித அறிஞர், காத்து இல்லாட்டி பூமி இன்னும் குளிர்ந்திருக்கும்னு எழுதியாச்சு. 1856ல அமெரிக்காவுல யூனிஸ் ஃபூட்னு ஒரு பெண்மணி, கண்ணாடிக் குழாய்ங்கள்ல வேற வேற வாயுவ அடைச்சு, தெர்மாமீட்டர் வெச்சு வெயில்ல காட்டுனாங்க. கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய்தான் அதிகமா சூடாச்சு, நிழலுக்குக் கொண்டு வந்தப்புறமும் ஆற ரொம்ப நேரம் எடுத்துச்சு. இந்த வாயு கூடுதலா இருந்தா பூமியும் சூடா இருந்திருக்கும்னு அப்பவே எழுதிட்டாங்க. அவங்க கட்டுரைய மாநாட்டுல படிச்சது அவங்க இல்ல, ஜோசப் ஹென்றின்னு ஒரு ஆண் விஞ்ஞானி. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அவங்கள யாரும் ஞாபகம் வெச்சுக்கல. எங்க காலேஜ்லயும் மூணு வருஷத்துல அந்தப் பேர ஒருத்தரும் சொல்லல, மகனோட பாடத்துக்காக தேடுனப்பதான் எனக்கே தெரிஞ்சுது, அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. 1859ல டின்டால்னு ஒரு விஞ்ஞானி அகச்சிவப்ப வெச்சே துல்லியமா அளந்து காட்டுனாரு. 1896ல சுவீடன்ல அரினியஸ்னு ஒரு விஞ்ஞானி, கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானா பூமி 5, 6 டிகிரி ஏறும்னு கையால கணக்குப் போட்டாரு. இப்ப விஞ்ஞானிங்க சொல்ற நடு மதிப்பு 3 டிகிரி. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல அவ்வளவு கிட்ட வந்திருக்காரு.

இப்ப மாமா கேட்ட ஓசோன். ஓசோன் இருக்குறது ரொம்ப மேல, ஸ்ட்ராட்டோஸ்பியர்ங்குற காத்து அடுக்குல, அதோட வேலை புற ஊதாக் கதிர நிறுத்துறது. அது குறைஞ்சா தோல் புற்றுநோய், கண்புரைதான் பயம். தெற்குத் துருவத்துக்கு மேல ஓசோன் மெலிஞ்சு போறத 1985ல கண்டுபிடிச்சாங்க, 1987ல மான்ட்ரியல்ல நாடுங்க கூடி ஓசோன அரிக்குற வாயுக்கள குறைக்க ஒப்பந்தம் போட்டாங்க, இப்ப மெதுவா ஆறிட்டு வருது. அந்த ஓட்டை வழியா வெயில் இறங்கிதான் ஈசூன்ல புழுங்குதுன்னு சொல்றது சரியில்ல. ஆனா மாமா ஒரேயடியா தப்புன்னும் சொல்ல மாட்டேன், ஒரு எடத்துல இந்த ரெண்டு கதையும் சேருது, அத சேத்து வெச்சவர் நம்ம தமிழர். வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங் படிச்சவர். செகந்திராபாத்ல ஃப்ரிட்ஜ் செய்யுற கம்பெனில, கூலிங் வாயு ஒழுகாம பாத்துக்குறது அவரோட வேலை. அமெரிக்காவுக்குப் போனப்புறம் 1975ல அதே வாயுவ, சிஎஃப்சிய, கணக்கு பண்ணி, ஒரு சிஎஃப்சி மூலக்கூறு பத்தாயிரம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கு மேல வெப்பத்தப் புடிக்குதுன்னு காட்டுனாரு. ஓசோனையும் அரிக்குது, வெப்பத்தையும் புடிக்குது. அதுக்குப் பதிலா வந்த ஏர்கான் வாயுக்கள் ஓசோனத் தொடாது, ஆனா அதுங்களும் நிறைய வெப்பத்தப் புடிக்கும், அதனால 2016ல ருவாண்டா நாட்டுல கிகாலில நாடுங்க கூடி அதையும் குறைக்க முடிவெடுத்தாங்க. ஏர்கான் இல்லாத வீட்ட விரல் விட்டு எண்ணக்கூடிய இந்த ஊர்ல ராமநாதன் யாருன்னு எத்தன தமிழ்ப் பிள்ளைங்களுக்குத் தெரியும்? சர்வீஸ் பண்ண வர்றவங்க வாயுவ காத்துல திறந்து விடாம எடுக்குறாங்களான்னு இப்ப நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்.

சூரியன்தான் காரணம்னு இன்னும் சொல்றவங்களுக்கு ஒரே ஒரு விஷயம். 1978லருந்து செயற்கைக்கோள் வெச்சு சூரியன நேரா அளந்துட்டு வர்றாங்க, 11 வருஷத்துக்கு ஒரு தடவை லேசா ஏறி இறங்குறத தவிர அது கூடவே இல்ல. சூரியன் கூடியிருந்தா காத்து கீழ இருந்து மேல வரைக்கும் சூடாயிருக்கணும். ஆனா கீழ சூடாகுது, மேல ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிருது. இப்படித்தான் ஆகும்னு 1967லயே மனாபே, வெதரால்டுன்னு ரெண்டு விஞ்ஞானிங்க கணக்குப் போட்டுச் சொன்னாங்க, மனாபேக்கு 2021ல நோபல் பரிசு கிடைச்சுது. அப்புறம் ராத்திரி. 1950க்கு அப்புறம் உலகத்துல நிலப்பகுதியில ராத்திரி வெப்பம் பகல் வெப்பத்தவிட வேகமா ஏறியிருக்கு. ராத்திரில சூரியன் எங்கங்க இருக்கு?

நம்ம ஊருக்கு வர்றேன். 1948லருந்து பத்து வருஷத்துக்குக் கால் டிகிரி போல சிங்கப்பூர் சூடாயிட்டு வருது. இதுல எல்லாமே உலக வெப்பம்னு நான் சொல்ல மாட்டேன், நாம கட்டுன ஊரும் ஒரு காரணம். ராத்திரில மரம் அடர்ந்த பகுதிக்கும் நெருக்கமா கட்டடம் இருக்குற பகுதிக்கும் 7 டிகிரி வரைக்கும் வித்தியாசம் வருதுன்னு ஆய்வு பண்ணியிருக்காங்க. கான்கிரீட் பகல்ல குடிச்ச வெப்பத்த ராத்திரில விடுது, விடுறப்ப மேல வானம் தெரிஞ்சாத்தான அது போகும்? எதிர்ல இன்னொரு பிளாக் நின்னா இந்தச் சுவர் விடுறத அந்தச் சுவர் வாங்குது, அது விடுறத இது வாங்குது. எங்க பிளாக்குக்கும் எதிர் பிளாக்குக்கும் நடுவுல நின்னு நிமிந்து பாத்தா வானம் ஒரு வேட்டி அகலம்தான் தெரியும். காத்துக்குள்ள வாயு பண்ற வேலைய இங்க சுவர் பண்ணுது. இது போதாதுன்னு ஒவ்வொரு ஜன்னல்லயும் ஏர்கான் உள்ள இருக்குற சூட்ட எடுத்து வெளிய கொட்டுது. தெம்பனிஸ்ல எச்டிபி பிளாக்குங்களுக்கு, அதாவது அரசாங்க அடுக்குமாடிங்களுக்கு, வெப்பத்தத் திருப்புற பெயின்ட் அடிச்சுப் பாத்தாங்க, அது எல்லா பேட்டைக்கும் வரணும்னு எனக்கு ஆசை.

இதையெல்லாம் விட நான் எழுதுறதுக்கு முக்கியக் காரணம் என் வீட்டுக்காரரோட சைட்ல வேலை பாக்குற தம்பிங்க. முக்கால்வாசி பேர் தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம். வெப்பம், வெயில், ஈரப்பதம், காத்து நாலையும் சேத்து அளக்குற வெப்ப அழுத்த அளவு 32 டிகிரிக்கு வந்தா கடினமான வெளி வேலை செய்யுறவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிஷமாவது ஓய்வு குடுக்கணும்னு 2023ல விதி வந்துச்சு, ரொம்ப நல்ல விஷயம், அவரும் அதக் கறாரா பாத்துக்குறாரு. ஆனா அவர் சொல்றது என்னன்னா, பகல் வெயில்ல மட்டும் ஆள் விழுறதில்லயாம். முன்னாடி நாள் ராத்திரி புழுக்கத்துல தூங்காம வந்தவன்தான் பதினோரு மணிக்கே தள்ளாடுறானாம். ஒடம்பும் ராத்திரிலதான் வெப்பத்த விடணும், சுத்தி இருக்குற காத்து ஆறலேன்னா அது எங்க விடும்? போன வருஷம் ஒரு தம்பி, கல்யாணமாகி ஆறே மாசம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே மயங்கி விழுந்துட்டான். தண்ணி குடிச்சிருந்தான், நிழல்லதான் நின்னான். மூணு ராத்திரியா சரியா தூங்கலேன்னு அப்புறம் சொன்னான். நல்லவேளை பொழச்சுட்டான். அன்னிலருந்து என் வீட்டுக்காரர் காலைல லாரிலருந்து இறங்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல கேக்குறது "தூங்குனியாடா"ன்னுதான்.

ஆசிரியர் அய்யா, என் வேண்டுகோள் பெருசு ஒண்ணுமில்ல. வானிலைக் கட்டத்துல பகல் உச்ச வெப்பம் பெரிய எழுத்துல வருது. அதே அளவு எழுத்துல முந்தின ராத்திரி எவ்வளவு வரைக்கும் இறங்குச்சுன்னும் போடுங்க, அதுக்குப் பக்கத்துலயே வெப்ப அழுத்த அளவையும், முடிஞ்சா யூவி இண்டெக்ஸையும் தமிழ்ல போடுங்க. ராத்திரி 28 டிகிரிக்குக் கீழ இறங்கவே இல்லன்னு காலைல பேப்பர்ல பாத்தா, அன்னிக்கு எந்த வேலைய மத்தியானத்துக்குத் தள்ளக்கூடாதுன்னு ஒரு சூப்பர்வைசர் முடிவு பண்ணலாம், வீட்டுல வயசான மாமனார் இருக்குற என்ன மாதிரி ஒருத்தி பகல்ல அவர ரெஸ்ட் எடுக்க வெக்கலாம். அந்த மார்ச் மாச மெசேஜ் அடுத்த வருஷமும் வரும். வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நீங்க ஒரு அரைப்பக்கம் எழுதிட்டா, குரூப்ல அனுப்புறதுக்கு எங்க கையில ஒண்ணு இருக்கும்.

மாணவர் பக்கத்துக்கு ஆகுமான்னு பாருங்க, ஓட்டை வாளியையும் குழாயையும் மகன் படமா வரைஞ்சு வெச்சிருக்கான், அதுல தாத்தா துப்பாக்கி தெர்மாமீட்டரோட நிக்கிற மாதிரியும் போட்டிருக்கான். வேணும்னா அனுப்பி வெக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்.